கல்மேல் ஊரும் ஆர்சி வண்டிக்கு எந்த மோட்டார்?

ரிமோட்டில் ஓட்டிப் பாறைமேல் மெல்ல ஏற்றும் சிறு வண்டியான ஆர்சி கிராலரை வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி இது: 35 டர்ன் மோட்டார் போடலாமா, 55 டர்ன் போடலாமா? டர்ன் கூடினால் வேகம் குறையும், இழுவை கூடும் என்று கடைக்காரரிடமிருந்து பதில் வரும். இதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி மோட்டாரை மட்டும் மாற்றுகிறவர்களின் வண்டி, பாறை விளிம்பில் ஒரு கணம் திணறி நின்று, ரிமோட்டின் டிரிகரை இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் துள்ளிப் போய் மறுபக்கம் விழும். புது மோட்டார் போட்ட பிறகும் அப்படியேதான் விழும். ஏனென்றால் அந்தத் துள்ளலுக்கும் டர்ன் எண்ணுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு.

டர்ன் என்பது மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் ஒவ்வொரு பல்லிலும் செப்புக் கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. ஒரே மோட்டாரில் சுற்றுகளை இரட்டிப்பாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட்டுக்குக் கிடைக்கும் சுழற்சி வேகம் பாதியாகும். ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை இரட்டிப்பாகும். கடைக்காரர் சொல்வது இதுவரைதான். ஆனால் அதே இடத்துக்குள் இரண்டு மடங்கு சுற்று அடங்க வேண்டுமானால் கம்பியின் குறுக்குப் பரப்பு பாதியாக வேண்டும். நீளம் இரண்டு மடங்கு, பருமன் பாதி என்றால் மின்தடை நான்கு மடங்கு. ஆக, அதே முறுக்கு விசையை உண்டாக்கப் பாதி ஆம்பியர் போதும். ஆனால் அந்தப் பாதி ஆம்பியர் நான்கு மடங்கு மின்தடை வழியே போகும்போது உண்டாகும் வெப்பம் முன்பிருந்த அதே அளவுதான். மோட்டார் பலமாகிவிடவில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவே.

உதாரணத்துக்கு ஒரு வண்டி: 3 கிலோ எடை, 120 மி.மீ. விட்டமுள்ள டயர், மோட்டார் 40 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் கியர் விகிதம். பத்தில் ஒரு பங்கு அளவுக் கிராலருக்கு இது சாதாரணம். 45 பாகைச் சரிவில் நின்றால் அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 21 நியூட்டன். டயரின் ஆரம் 6 செ.மீ. என்பதால் சக்கரங்களில் 1.25 நியூட்டன் மீட்டர் வேண்டும். 40-ஆல் வகுத்து, கியர் உராய்வுக்கும் கொஞ்சம் கூட்டினால் மோட்டார் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 0.045 நியூட்டன் மீட்டர். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது 1200 கேவி மோட்டார் என்றால் இதற்கு 5 முதல் 6 ஆம்பியர் வேண்டும். 2400 கேவி என்றால் 11 ஆம்பியரைத் தாண்டும். ஆனால் இரண்டும் ஒரே அளவு, ஒரே தரம் என்றால் சுடுவது ஒரே மாதிரிதான்.

இப்போது மோட்டாரை விட்டுவிட்டு கியரைத் தொடுவோம். விகிதத்தை 40-லிருந்து 80 ஆக்கினால் மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்கு விசை பாதி, வெப்பம் கால் பங்கு. அதோடு முடியவில்லை. சுமை ஏறும்போது வண்டியின் வேகம் எவ்வளவு தளர்கிறது, சுமை விலகியதும் எவ்வளவு பாய்கிறது, சரிவில் பிரேக் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு வேகத்தில் வழுக்குகிறது என்ற கணக்குகள் எல்லாமே மோட்டாரின் ஒரே தன்மையைச் சார்ந்தவை: மின்தடையை, ஆம்பியருக்கு இவ்வளவு என்ற விசையின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். டர்னை மாற்றினால் அந்த எண் மாறாது. ஆனால் தரையில் நாம் பார்க்கும் விளைவு கியர் விகிதத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். விகிதம் இரட்டித்தால் தளர்ச்சி, பாய்ச்சல், வழுக்கல் எல்லாம் கால் பங்காகிவிடும். பாறை விளிம்பில் துள்ளுகிற வண்டிக்கு வேண்டிய மருந்து இங்கேதான் இருக்கிறது.

விகிதத்தை இரட்டிப்பாக்குவது எல்லா வண்டியிலும் முடியாது, சரி. ஆனால் மோட்டார் அச்சிலுள்ள சிறு கியரான பினியனில், 15 பல் உள்ளதைக் கழற்றி 11 பல் பினியன் போடுவது பத்து நிமிட வேலை. விகிதம் 36 சதவீதம் கூடுகிறது. அதன் வர்க்கம் 1.86 என்பதால் வெப்பமும் வழுக்கலும் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். எதிர்த் திசையிலும் இதே கணக்குதான். பார்க்க நன்றாக இருக்கிறதென்று 100 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 120 மி.மீ. டயர் மாட்டுகிறவர் தன் வண்டியின் சீரான ஊர்தலை 1.44 மடங்கு கெடுத்துக்கொள்கிறார். பிறகு மோட்டாரைத் திட்டுகிறார்.

கியரைக் குறைத்ததால், அதாவது விகிதத்தைக் கூட்டியதால், உச்ச வேகம் போய்விடுமே என்றால், அதற்குத்தான் டர்னும் வோல்ட்டும். நான் பார்த்தவரை இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களே அதிகம்: உயரமான கியரை, அதாவது குறைந்த விகிதத்தை, அப்படியே வைத்துக்கொண்டு, வண்டி மெதுவாகப் போகட்டும் என்று டர்ன் கூடின மோட்டாரைப் போடுகிறார்கள். கியரை முடிந்தவரை குறைத்து, மோட்டாரைச் சற்று வேகமானதாக எடுப்பதே சரியான வரிசை. இதற்கு எல்லை உண்டு. பிரஷ் மோட்டாரை மிக அதிகமாகச் சுழலவிட்டால், பிரஷ் உரசி மின்சாரம் தரும் வளையமான கம்யூட்டேட்டர் சீக்கிரம் தேயும், கியர் இரைச்சல் கூடும், ஒரு அளவுக்குக் கீழே சின்ன பினியனே கிடைக்காது.

டர்ன் எண்ணுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. மேலே போட்டது தாளில் போட்ட கணக்கு. பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் தொடும் இடத்தில் இருக்கும் தடை டர்னோடு சேர்ந்து குறைவதில்லை, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இஎஸ்சியின் தடையும் வயரின் தடையும் குறைவதில்லை. குறைந்த டர்ன் மோட்டார் அதிக ஆம்பியரை இவற்றின் வழியே தள்ள வேண்டியிருப்பதால் அங்கே கூடுதலாக இழக்கும். இன்னொன்று டிரிகர். ரிசீவர் அனுப்பும் துடிப்பு 1500 மைக்ரோ விநாடியில் நடு, 2000-இல் முழு வேகம். அதாவது முன்னோக்கி 500 மைக்ரோ விநாடிதான். நம் உதாரண வண்டி 1200 கேவி மோட்டாரோடு 11.1 வோல்ட்டில் மணிக்கு 7.5 கி.மீ. போகும். துடிப்பு ஒரு மைக்ரோ விநாடி கூடினால் வேகம் விநாடிக்கு 4 மி.மீ. கூடும். அதே கியரில் 3500 கேவி போட்டால் மணிக்கு 22 கி.மீ., ஒரு படிக்கு 12 மி.மீ. விரல் நுனியின் அதே அசைவு மூன்று மடங்கு முரட்டுத்தனமாகத் தரைக்குப் போகிறது. டிரான்ஸ்மிட்டரில், டிரிகரின் தொடக்க அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ அமைப்பை வைத்து இதைக் கொஞ்சம் மழுப்பலாம்.

ஆரம்பக் காலத்தில் இப்படியெல்லாம் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. 1987-இல் டமியா நிறுவனம் வெளியிட்ட கிளாட் பஸ்டர், இரண்டு அச்சிலும் தனித்தனி மோட்டார் வைத்த பெரிய சக்கர வண்டி. அமெரிக்காவில் அதைப் பிரித்துக் கிராலராக மாற்றியவர்களுக்கு மெதுவான மோட்டார் வேண்டியிருந்தது. பந்தயக்காரர்கள் தேய்ந்த கம்யூட்டேட்டரைக் கடைந்து சீராக்கச் சிறு லேத் வைத்திருப்பார்கள். அந்த லேத்தைச் சுற்றுவதற்காக விற்ற 55 டர்ன் மோட்டார்களைக் கழற்றிக் கிராலரில் மாட்டினார்கள். கிராலருக்கென்றே மோட்டார்கள் வந்த பிறகும் டர்ன் எண்ணைக் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அடுத்து, மோட்டாருக்குள் நடக்கும் இழுபறி. மின்சாரம் இல்லாமல் மோட்டாரின் அச்சை விரலால் சுற்றிப் பார்த்தால் டக் டக்கென்று சில இடங்களில் பிடித்து விடும். ஆர்மேச்சரின் இரும்புப் பல், காந்தத்துக்கு நேரே வந்து நிற்கப் பார்க்கிறது. இதைத்தான் காகிங் என்கிறார்கள். 540 என்ற அளவுள்ள சாதாரண மோட்டாரில் இரண்டு காந்த முனை, மூன்று பல். ஒரு சுற்றில் 6 இடத்தில் பிடிக்கும். ஐந்து பல் ஆர்மேச்சர் என்றால் 10 இடம். இது முனைகளின் எண்ணிக்கைக்கும் பற்களின் எண்ணிக்கைக்கும் மீச்சிறு பொது மடங்கு, பள்ளிக்கூடக் கணக்குதான். பிடிக்கும் இடம் கூடக் கூட ஒவ்வொரு பிடிப்பின் வலிமையும் பொதுவாகக் குறையும்.

உதாரண வண்டியில் மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் டயர் 9.4 மி.மீ. நகரும். மூன்று பல் மோட்டாரில் ஒவ்வொரு 1.6 மி.மீ.க்கும் ஒரு பிடிப்பு. வண்டி விநாடிக்கு ஒரு செ.மீ. ஊர்ந்தால் மோட்டார் விநாடிக்கு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது, ஆறு பிடிப்பையும் கண்ணால் பார்க்கலாம். ஐந்து பல் என்றால் இடைவெளி 0.9 மி.மீ. பிரஷ் மோட்டாரிலேயே நிற்க விரும்புகிறவர்கள் தேட வேண்டியது இந்த ஐந்து பல் ஆர்மேச்சரை. ஹோம்ஸ் ஹாபிஸ் போன்ற நிறுவனங்கள் கிராலருக்கென்று விற்கும் ஐந்து பல் மோட்டார்கள் இந்தக் காரணத்தால்தான் பேர் வாங்கின. பற்களை நேராக வைக்காமல் சற்றே சாய்த்து அடுக்கிய ஆர்மேச்சரும் உதவும். காந்த விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வலுவான காந்தம் வெப்பத்தையும் தளர்ச்சியையும் குறைக்கும், அதே காந்தம் காகிங்கைக் கூட்டும். கியர் நன்றாகக் குறைவாக இருந்தால் வலுவான காந்தத்தை எடுக்கலாம், பிடிப்புகள் தரைக்கு வரும்போது மிகச் சிறிதாகிவிடும். கியர் உயரமென்றால் சாதாரண ஃபெரைட் காந்தமே நல்லது.

550 மோட்டாரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். விட்டம் 540-இன் அதே 36 மி.மீ., நீளம் மட்டும் கூடுதல். கூடுதல் இரும்பும் செப்பும் இருப்பதால் இது உண்மையிலேயே பலமான மோட்டார், வோல்ட்டையும் ஆம்பியரையும் இடம் மாற்றும் வேலை அல்ல. 2017-இல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் 21 டர்ன் டைட்டன் 550 மோட்டார்தான் இருந்தது. 21 டர்ன் என்றதும் கிராலருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வண்டிக்கு இரண்டு வேக கியர்பெட்டி, சக்கரத்தின் பக்கத்திலேயே கியர் வைத்த போர்ட்டல் அச்சு. கியரில் கிடைத்ததை வைத்துக்கொண்டு மோட்டாரில் வேகத்தை எடுத்துக்கொண்டார்கள். வரிசை சரியாகவே இருந்தது.

பிரஷ்ஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் பக்கம் வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. பிரஷ் மோட்டாரில் எந்தக் கம்பிச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கம்யூட்டேட்டர் தானாகவே பார்த்துக்கொள்ளும். பிரஷ்லெஸ்ஸில் இஎஸ்சிதான் அதைச் செய்ய வேண்டும், அதற்குச் சுழலும் காந்தப் பகுதியான ரோட்டார் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். சென்சார் இல்லாத வகையில் சுழலும் ரோட்டார் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து ஊகிக்கிறார்கள். நம் வண்டி விநாடிக்கு ஒரு செ.மீ. ஊரும்போது மோட்டார் நிமிடத்துக்கு 64 சுற்று. 1200 கேவி மோட்டாரில் அந்த வேகத்துக்கு எதிர் மின்னழுத்தம் 0.053 வோல்ட். 11 வோல்ட்டை விநாடிக்குப் பல ஆயிரம் முறை போட்டுப் போட்டு அணைக்கும் இரைச்சலுக்கு நடுவில் இதைத் தேடிப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டால் அதுவும் பூஜ்யம். அதனால்தான் சென்சார் இல்லாத மோட்டார் கிளம்பும்போது வெட்டி வெட்டி உதறுகிறது. மணிக்கு 60 கி.மீ. ஓடும் பந்தய வண்டியில் ஒரு குறையும் தெரியாத அதே மோட்டார், கல் ஏறும் வண்டிக்கு ஆகாது. விலை குறைவாகக் கிடைக்கிறதென்று இதை வாங்க வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்சார் உள்ள மோட்டாரில் மூன்று ஹால் சென்சார்கள் ரோட்டாரின் காந்தத்தைப் பார்த்துச் சொல்லும். நின்ற இடத்திலிருந்தே சரியாகக் கிளம்பும். ஆனால் மூன்று சென்சாரால், காந்தத்தின் ஒரு வட-தென் முனை ஜோடி கடந்து போகும் சுழற்சியை ஆறு துண்டாக மட்டுமே பிரித்துச் சொல்ல முடியும். இரண்டு முனை ரோட்டார் என்றால் அது 60 பாகைக்கு ஒரு தகவல், நான்கு முனை என்றால் 30 பாகைக்கு ஒன்று. ஒவ்வொரு துண்டிலும் இஎஸ்சி ஒரே மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும், துண்டு மாறும்போது விசையும் சற்று ஏறி இறங்கும். வெளிப்புறம் சுழலும் அவுட்ரன்னர் மோட்டார்கள் இங்கேதான் முந்துகின்றன. 12 பல், 14 முனை என்ற அமைப்பில் ஒவ்வொரு துண்டும் 9 பாகைக்கும் குறைவு, காகிங் பிடிப்பு ஒரு சுற்றில் 84. தரையில் அது 0.11 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது.

சென்சார் மோட்டாரின் பலவீனம் அந்த ஆறு இழை வயர். சேறும் தண்ணீரும் பட்டு அதன் கனெக்டரில் ஒரு ஊசி துருப்பிடித்தாலும் போதும், காசு கொடுத்து வாங்கிய சீரான ஓட்டம் காணாமல் போய்விடும். ஓடைக்குள் இறங்கும் வண்டிக்கு இது அசல் பிரச்சினை.

இதற்கு ஒரு விடையாக வந்தது மோட்டாரையும் இஎஸ்சியையும் ஒரே டப்பாவுக்குள் வைப்பது. ஹாபிவிங்கின் குவிக்ரன் ஃபியூஷன் இந்த வகை. 540 அளவு, 1200 கேவியிலும் 1800 கேவியிலும் வந்தது. சென்சார் வயர் வெளியே கிடையாது. எஃப்ஓசி என்ற முறையில் ஓடுகிறது: ஆறு துண்டாக வெட்டித் தள்ளாமல் மூன்று சுருள்களிலும் மின்சாரத்தை அலையாக ஏற்றி இறக்கி, விசை எப்போதும் ரோட்டாருக்குச் சரியான கோணத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். பிரஷ் மோட்டாருக்கு இஎஸ்சி அனுப்புவது வோல்ட் மட்டுமே, கல் தடுத்தால் வேகம் விழும், நாம் விரலால் ஈடுகட்ட வேண்டும். எஃப்ஓசியில் ரோட்டாரின் இருப்பிடமும் மின்னோட்டமும் தெரிவதால், தடை வந்ததும் இஎஸ்சியே விசையைக் கூட்டும், தடை போனதும் குறைக்கும். பாறை விளிம்பில் துள்ளுவது ஏறக்குறைய நின்றே போகிறது. இதை ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்ப பிரஷ்ஷுக்குப் போக மனமில்லாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்று கெட்டால் இரண்டும் போச்சு. மோட்டாரின் சூடு நேராக எலக்ட்ரானிக்ஸுக்குப் போகும் என்பதால் நாற்பது பாகை வெயிலில் கியரைக் குறைக்காமல் ஓட்டுவது இதற்கு இன்னும் ஆபத்து.

பிரேக்கிலும் இதே வித்தியாசம். பிரஷ் மோட்டாருக்கான இஎஸ்சி டிரிகரை விட்டதும் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும், இது டிராக் பிரேக். மோட்டார் அப்போது ஜெனரேட்டராக மாறித் தன்னையே தடுக்கிறது. தடுக்கும் விசை சுழலும் வேகத்தைப் பொறுத்தது, வேகம் பூஜ்யமானால் விசையும் பூஜ்யம். ஆகவே செங்குத்தான சரிவில் டிராக் பிரேக்கை நூறு சதவீதம் வைத்தாலும் வண்டி மெல்ல வழுக்கத்தான் செய்யும். அதைக் குறைக்கிறேன் என்று டர்ன் கூட்டிப் பயனில்லை, கியர் குறைத்தால் பயனுண்டு. எஃப்ஓசி இஎஸ்சியோ ரோட்டாரை அதே இடத்தில் மின்சாரம் கொடுத்தே பிடித்து வைக்க முடியும். பேட்டரி செலவாகும், வண்டி அசையாது.

பிரஷ் மோட்டாரிலேயே இருப்பவர்கள் இஎஸ்சி அமைப்புகளைப் பார்க்காமல் மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது. இஎஸ்சி மின்சாரத்தை விநாடிக்கு எத்தனை முறை போட்டு அணைக்கிறது என்ற பிடபிள்யூஎம் அதிர்வெண் குறைவாக இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டார் தனித்தனியாக உதைக்கும். அதைக் கூட்டினால் சுருளுக்குள் மின்னோட்டம் சீராகி, கிளம்புவது மென்மையாகும். இஎஸ்சி சற்றுக் கூடுதலாகச் சூடாகும், கிராலரின் சில ஆம்பியருக்கு அது பொருட்டில்லை. கிளம்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் பஞ்ச் என்ற அமைப்பைக் கீழே வைக்க வேண்டும். சுருளுக்கு மின்சாரம் மாறும் நேரமான டைமிங்கை நகர்த்தக்கூடிய மோட்டார் என்றால் பூஜ்யத்தில் வைக்க வேண்டும், முன்னால் நகர்த்தினால் உச்ச வேகம் கூடி, ரிவர்ஸ் முரடாகிவிடும். கிராலர் முன்னே போகும் அளவுக்குப் பின்னேயும் போகிற வண்டி. புது பிரஷ் முழுதாகக் கம்யூட்டேட்டரில் படியும்வரை குறைந்த வோல்ட்டில் சும்மா சுற்றவிடுவது நல்லது. தண்ணீருக்குள் முக்கிச் சுற்றவிட்டால் சீக்கிரம் முடியும் என்பார்கள். முடியும்தான், கூடவே பிரஷ்ஷின் ஆயுளிலும் ஒரு பகுதி முடியும். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டிரெய்லர் இழுக்கும் லாரிகளுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி திரும்புகிறது. 1993-இல் டமியாவின் கிங் ஹாலர் தொடங்கி வைத்த பதினான்கில் ஒரு பங்கு லாரிகளில் 540 மோட்டாரும், சர்வோவால் மாற்றும் மூன்று வேக கியர்பெட்டியும் இருக்கும். நிஜ லாரி மணிக்கு 70 கி.மீ. போனால் இந்த அளவில் அது மணிக்கு 5 கி.மீ., நம் நடை வேகம். பின்பக்கமாக நகர்த்தி நிறுத்தும்போது நிஜ லாரி மணிக்கு 3 கி.மீ. போகிறது என்றால் இங்கே விநாடிக்கு 6 செ.மீ. கிராலரின் ஒரு செ.மீ. ஊர்தல் இதற்குத் தேவையில்லை, பாறையும் இல்லை. வேண்டியது, பல கிலோ சுமையோடு நிற்கும் டிரெய்லரை இணைப்பில் இருக்கும் இடைவெளி டக்கென்று அடிக்காமல் இழுத்துக் கிளம்புவது. இங்கே ஐந்து பல் ஆர்மேச்சரும் உயர்ந்த பிடபிள்யூஎம் அதிர்வெண்ணும் போதும், இரண்டாம் கியரிலேயே பெரும்பாலும் ஓட்டலாம். இந்த லாரிகளில் டீசல் எஞ்சின் சத்தம் எழுப்பும் ஒலிப் பெட்டி வைப்பார்கள். அதன் மேல் மோட்டாரின் கீச்சுக் குரல் ஏறி வந்தால் மொத்த மாயமும் கலைந்துவிடும். ஆகவே லாரிக்காரர்கள் எஃப்ஓசியைத் தேடிப் போவதற்கு ஊர்தலைவிட அமைதியே பெரிய காரணம்.

இருபத்துநான்கில் ஒரு பங்குக் குட்டி வண்டிகளில் 80-க்கு மேற்பட்ட டர்ன் எண்களைப் பார்க்கலாம். ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24-இல் 88 டர்ன், பதினெட்டில் ஒரு பங்கான டிஆர்எக்ஸ்-4எம்-இல் 87 டர்ன். இந்த எண்ணை 540-இன் 55 டர்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். ஆர்மேச்சர் மிகச் சிறியது, காந்தப் பாயம் குறைவு, அதனால் அத்தனை சுற்று சுற்றியும் மோட்டார் வேகமாகத்தான் சுழலும். இங்கே பெரும்பாலும் மோட்டாருக்கு முன்னால் கியரையும், கியருக்கும் முன்னால் ரிசீவரோடு ஒட்டி வரும் இஎஸ்சியையும் மாற்றினால் பலன் தெரியும். கோர்லெஸ் மோட்டார் என்று ஒன்றும் இந்த அளவில் கிடைக்கும். ஆர்மேச்சரில் இரும்பே இல்லை என்பதால் காகிங் அறவே கிடையாது, விரலால் சுற்றினால் வழுவழுவென்று போகும். ஆனால் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே கனமான இரும்பு இல்லாததால், ஒரு கல்லில் மாட்டிக்கொண்டு டிரிகரை அழுத்திப் பிடித்தால் சில விநாடிகளில் சுருள் கருகிவிடும். கல் ஏறப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளையின் வண்டிக்கு அதைப் போட வேண்டாம்.